அவள் காஜியிடம் போனாளா?

மலாய் நாட்டுக் கோத்தா பாருவில் அந்தக் காலத்தில் லெபைகளுக்குப் பஞ்சமே இல்லை. குர்ஆனில் நாலு சூரா ஓதத் தெரிந்து, தலையில் வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டால் போதும், ஊர் அவனை லெபை ஆக்கிவிடும். அத்தனை பேர் நடுவில் செமாவுனைத் தனியாகப் பிரித்துச் சொல்ல ஒரு பட்டப்பெயர் வேண்டியிருந்தது. பெர்முலா லெபை. சந்தையில் அந்தப் பெயரைச் சொன்னால் மீன்காரிகூடக் கத்தியை நீட்டி அவர் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு வழி காட்டுவாள். காட்டும்போதே சிரிப்பாள்.

பெர்முலா என்றால் பேச்சு மலாயில் 'தொடங்குகிறது' என்று அர்த்தம். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். ஆனால் மார்க்க நூல்களில் கிதாபு மலாய் என்று ஒன்று இருக்கிறதே, அது வேறு உலகம். அரபி வாக்கியத்தில் எழுவாய் வரும் இடத்திலெல்லாம், 'இதோ எழுவாய்' என்று மாணவனுக்குக் காட்ட உஸ்தாதுமார் ஒரு பெர்முலா போட்டுவிடுவார்கள். செய்தவனுக்கு ஒரு அடையாளச் சொல், செய்யப்பட்டதற்கு இன்னொன்று, எந்த நிலையில் செய்தான் என்பதற்கு மற்றொன்று. அரபி எந்த வரிசையில் நடக்கிறதோ அதே வரிசையில் மலாயும் அதன் பின்னால் நடக்கும். 'தண்ணீர் சுத்தமானது' என்று சொன்னால் ஆயிற்று. கிதாபிலோ 'தொடங்குவதாவது தண்ணீர் என்பது, அது சுத்தமானது' என்று வரும். முந்நூறு வருஷமாக நம் மார்க்க நூல்கள் இப்படித்தான். ஓதியவனுக்கு அது இனிக்கும். மற்றவர்கள் புரிந்த மாதிரித் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

செமாவுன் பதினாலு வருஷம் போண்டோக்கில் கிடந்தவர். உஸ்தாத் வீட்டைச் சுற்றிக் குடிசை போட்டுக்கொண்டு, அரிசியும் கருவாடும் வீட்டிலிருந்து வர, இரவு பகல் ஓதுகிற இடம் அது. அதற்கு மேல் மெக்காவில் ஆறு வருஷம். ஆக இருபது வருஷம் காதில் பெர்முலா விழுந்து விழுந்து கடைசியில் வாயிலும் ஏறிவிட்டது. காப்பிக் கடையில் ஒருநாள் 'தொடங்குவதாவது என் காப்பி, அது சர்க்கரை இல்லாதது' என்று கேட்டாராம். கடைக்காரன் இட்டுக்கட்டிய கதை என்று நினைக்க வேண்டாம். செமாவுனே ஒப்புக்கொண்டது.

மெக்காவில் அவருக்குப் பித்துப் பிடித்த கதையும் சொல்ல வேண்டும். பெரிய பள்ளிவாசலின் ஒரு வாசலை ஒட்டிப் பழைய புத்தகக் கடை. அங்கே கெய்ரோவில் அச்சான, அட்டை கிழிந்த கதைப்புத்தகம் ஒன்று கையில் சிக்கியது. அன்று அறையில் எட்டுப் பேருக்குச் சமைக்கும் முறை அவருடையது. அடுப்பில் அரிசியைப் போட்டுவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார். சோறு கரிந்து மாடிப்படி வரை புகை வந்தது, மனுஷன் அசையவில்லை. பசியோடு வந்த ஏழு பேரும் அடிக்காத குறையாகத் திட்டினார்கள். அவர் பதிலே சொல்லாமல் விட்ட இடத்திலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார். சாயங்காலத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொல்லும் வரை யாரும் சோற்றைப் பற்றிப் பேசவில்லை.

கதை இதுதான். கெய்ரோவில் ஒரு சந்து, அதில் மாவு அரைத்துப் பிழைக்கும் ருக்கையா. கணவன் ஏமனுக்கு வியாபாரத்துக்குப் போய் ஏழு வருஷம், ஒரு சேதி இல்லை, ஒரு காசு இல்லை. மார்க்கத் தீர்ப்புச் சொல்கிற காஜியிடம் போய்ச் சொன்னால் அந்தக் கல்யாணத்திலிருந்து அவளுக்கு விடுதலை உண்டு. போகவிடாமல் கணவனின் சித்தப்பன் வழியெல்லாம் மறிக்கிறான். பொய்க் கடிதம் வருகிறது, கதவு பூட்டப்படுகிறது, காஜியோ ஊரை விட்டுப் படகேறிவிடுகிறார். ருக்கையா ஒரு கழுதை மேல் ஏறி நைல் நதிக் கரையோரமாகப் படகைத் துரத்துகிறாள். அடடா, அந்த இடத்தில் செமாவுனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது அறையில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும்.

நம்மிடம் கதை என்றால் இளவரசன், பூதம், பறக்கும் கம்பளம். மார்க்கம் என்றால் பெர்முலா. இரண்டையும் ஒரே தட்டில் பரிமாறலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. அரபுக்காரன் பரிமாறிவிட்டான். இதை மலாயில் கொண்டுவந்தே தீருவது என்று செமாவுன் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

பெருவெள்ளம் வந்து வடிந்த மறு வருஷம் ஊர் திரும்பி, ஹாஜி டெராசிட்டின் அச்சகத்தில் பிழை திருத்துபவராகச் சேர்ந்தார். சேர்ந்த நாளிலிருந்து ஹாஜியை அரித்தெடுத்தார். எட்டு மாதம் கழித்து, தொல்லை தாங்காமல் ஹாஜி இறங்கி வந்தார். சிங்கப்பூரிலிருந்து வந்த காகிதத்தில் ஒரு கட்டு மிச்சம் இருக்கிறது, முதல் பாகத்தைச் சின்னப் புத்தகமாகப் போடலாம், சந்தை வாங்கினால் மீதியும் வரும், வாங்காவிட்டால் மிச்சக் காகிதத்தில் பிள்ளைகளின் அரிச்சுவடி அச்சாகும், அதற்குப் பிறகு கதை என்று வாயைத் திறக்கக்கூடாது என்றார். ஊரில் வேறு எந்த அச்சகமும் இந்த அளவுக்குக்கூட இறங்காது. செமாவுனுக்கு இருந்தது இந்த ஒரே வாய்ப்புதான்.

நாற்பது நாள், ஒவ்வொரு தடவையும் தொழுகைக்குச் செய்வது போல் ஒளு செய்து சுத்தமாகிவிட்டு உட்கார்ந்து எழுதினார். எந்த அடையாளச் சொல்லும் விட்டுப்போகாமல், அரபி வரிசை ஒரு மயிரிழை பிசகாமல். எழுத்துக் கோர்க்கும் அவாங் லோங் அச்சுத் தாளைக் காட்டியபோது செமாவுனுக்குக் கண் கலங்கிவிட்டது. அட்டையில் 'காஜியின் முன் ஒரு பெண்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

புத்தகம் சந்தைக்குப் போனது வெள்ளிக்கிழமை காலை. செமாவுனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மெக் செப்பியாவின் கடைக்குப் பின்னால் மீன் அப்பளக் கூடைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும், அதன் மறைவில் போய் நின்றுகொண்டார். மெக் என்பது நம் ஊரில் பெண்களை அழைக்கும் சொல். செப்பியா விற்பது புடு, நெத்திலியை உப்பில் ஊறவைத்து இறக்கிய சாறு. அரபி எழுத்தில் மலாய் எழுதும் ஜாவி அவளுக்கு நன்றாக வரும். பத்திரிகை வந்தால் சுற்றியுள்ள கடைக்காரிகளுக்கு அவள்தான் படித்துக் காட்டுவாள். அன்று அவள் கையில் புதுப் புத்தகம் இருந்தது. செமாவுன் கூடைகளின் இடுக்கில் காதை வைத்தார்.

"'தொடங்குவதாவது ருக்கையா என்பவள், அவள் இருக்கும் நிலையாவது கணவன் மறைந்தவளாக, அவள் போகிறவள் காஜியின் பால்.'"

"என்ன தொடங்குது?" என்றாள் மீன்காரி மெக் நாப்.

"ருக்கையா தொடங்குறா."

"எதை?"

"இரு, அடுத்த வரியில வரும். 'தொடங்குவதாவது காஜியின் வீடு என்பது...'"

"வீடும் தொடங்கிருச்சா."

அவ்வளவுதான். சந்தை முழுக்கப் பற்றிக்கொண்டது. கழுதை தொடங்கியபோது ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஏழு பக்கம் ஆகியும் தொடங்கிக்கொண்டே இருக்கிறதே, எப்போதுதான் நடக்கும் என்று வெற்றிலைக்காரி கேட்டாள். வாங்கலாமா என்று கையில் எடுத்த இரண்டு பேர் சிரித்துக்கொண்டே திருப்பி வைத்தார்கள்.

செமாவுனுக்குப் பொறுக்கவில்லை. கூடை மறைவிலிருந்து வெளியே வந்தார். முகம் சிவந்து, பெர்முலா என்பது எழுவாய்க்கு அடையாளம், மெக்காவிலும் பத்தானியிலும் இப்படித்தான் ஓதுகிறார்கள், பெரியவர்கள் வகுத்த நடையைப் பார்த்து இளிப்பது என்ன மரியாதை என்று பொரிந்து தள்ளினார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள், தோள்கள் மட்டும் குலுங்கின. செப்பியா ஒருத்திதான் சிரிக்கவில்லை.

"லெபை, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவ காஜிகிட்ட போனாளா, இல்ல போகத் தொடங்கினதோட நின்னுட்டாளா?"

"அது எழுவாய், மெக். 'போகிறவள்' பயனிலை."

"அதெல்லாம் இருக்கட்டும். போனது யாரு? அவளே போனாளா, அவளுக்காக ஒரு ஆம்பளை போனானா?"

இதுவும் கேலி என்றே செமாவுன் எடுத்துக்கொண்டார். அரபி ஓதாதவர்கள் இந்த மாதிரிக் கேள்வி கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். சொல்லக்கூடாத சொல்.  செப்பியா புத்தகத்தை மூடி, ஈ விழாமல் இருக்கப் புடு ஜாடியின் மேல் வைத்தாள்.

புத்தகம் விற்கவில்லை. ஹாஜி கட்டுக்கட்டாகத் திரும்பி வந்ததைப் பார்த்தார், திட்டக்கூட இல்லை, பிறை பார்த்த மறுநாள் அரிச்சுவடி வேலை ஆரம்பம் என்று மட்டும் சொன்னார். பிறைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. செமாவுன் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் அடுத்தவர்களின் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அவாங் லோங்கிடம் மனம் விட்டுப் புலம்பினார். அந்தப் புடுக்காரி தன்னை எப்படிக் கிண்டல் செய்தாள் என்று அவள் கேட்டதை அப்படியே சொல்லிக் காட்டினார்.

அவாங் லோங் கையிலிருந்த ஈய எழுத்தைக் கீழே வைத்தார்.

"அது கிண்டல் இல்ல லெபை. அவ கதை உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. இருபது வருஷம் ஊரில் இல்லாதவருக்கு எப்படித் தெரியும்? செப்பியாவின் புருஷன் லிமான் சியாம் பக்கம் மாடு பிடிக்கப் போனவன், ஒன்பது வருஷமாக ஆள் இல்லை. நம் ஊரில் அப்படிப்பட்டவளைக் கயிறில்லாமல் தொங்குகிறவள் என்பார்கள். லிமானின் அண்ணன் டெராமான் அவர்கள் பக்கத்துப் பள்ளிவாசலின் இமாம். காஜியிடம் போகட்டுமா என்று அவள் கேட்டதற்கு, பெண் தானாகப் போகக்கூடாது, புருஷன் வீட்டார்தான் அழைத்துப் போக வேண்டும், பொறுமையாக இரு என்று சொல்லிவிட்டார். மார்க்கம் தெரிந்தவர் சொன்ன சொல்லாயிற்றே. அவளும் இருந்தாள். லிமானின் அண்ணன் வீட்டில் சோறு வடித்துப் போட்டுக்கொண்டு ஒன்பது வருஷம் இருந்தாள். அட்டையில் இருந்த அந்த எழுத்தைப் பார்த்துத்தான் புத்தகத்தை வாங்கினாளாம்.

 செமாவுனின் வாழ்நாளில் அவருடைய எழுத்தைப் பார்த்து ஒருத்தர் கேட்ட முதல் உண்மையான கேள்வி அது, அதற்கு அவர் இலக்கணம் நடத்தியிருக்கிறார். கை மையைக்கூடக் கழுவாமல் சந்தைக்கு ஓடினார். லெபை ஓடி அந்த ஊர் பார்த்ததில்லை, கடைகளிலிருந்து தலைகள் நீண்டன.

"போனா, மெக். அவளே போனா."

செப்பியா ஜாடியில் கரண்டியை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. கவிழ்த்த கூடையைக் காலால் தள்ளிப் போட்டாள்.

"உக்காந்து சொல்லுங்க."

உட்கார்ந்தார். வாயைத் திறந்ததும் பழைய பழக்கத்தில் 'தொடங்குவதாவது' என்றுதான் வந்தது. அவள் கரண்டியைத் தூக்கினாள், நிறுத்தினார். எனக்குச் சொல்லுங்க, மாணவனுக்குச் சொல்லாதீங்க என்றாள். மறுபடி ஆரம்பித்தார், மறுபடி கரண்டி உயர்ந்தது. நாலாவது தடவை, சிறுவயதில் வீட்டில் பேசிய மலாய் எங்கிருந்தோ கிளம்பி வந்தது. வந்தது வந்ததுதான், பிறகு நிற்கவில்லை. கதவு பூட்டியதைச் சொன்னார், பொய்க் கடிதத்தைச் சொன்னார், கழுதை ஓடியபோது எழுந்து நின்று கையை வீசினார். மெக் நாப் மீன் வெட்டுவதை நிறுத்திவிட்டாள்.

கதை முடிந்ததும் செப்பியா ஒன்றே ஒன்று கேட்டாள். கெய்ரோக்காரிக்குச் சரி, இந்த ஊர்க்காரிக்கும் அதே சட்டம்தானா? நாளை சொல்கிறேன் என்று போனவர், மறுநாள் காலையிலேயே நாம் பின்பற்றுகிற மார்க்கச் சட்டப் பிரிவான மத்ஹபின் கிதாபைத் துணியில் சுற்றி எடுத்துவந்து பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். அதே சட்டம்தான். இன்றைக்கே போய்விடு என்று அவசரப்படுத்தினார்.

"நான் மட்டும் போனா, உனக்கு யார் சொன்னதுன்னு இமாம் கேப்பாரு. பெர்முலா லெபை புடுக் கடையில காதோட காதா சொன்னாருன்னு சொல்லவா? ஊரே சிரிக்கும். நீங்க புரியுற மாதிரி எழுதுங்க, அச்சுல வரட்டும், நாலு பேர் படிக்கட்டும். அப்புறம் பாருங்க, போறேனா இல்லையான்னு."

பிறைக்கு இன்னும் ஒன்பது நாள். பேனாவை எடுத்தால் முதல் சொல்லே பெர்முலாவாக விழுகிறது. அடித்துவிட்டு எழுதினால் வினைச்சொல் அரபி மாதிரி முன்னால் ஓடிப்போய் நிற்கிறது. இரண்டு நாள் வீணாயிற்று. அப்புறம்தான் அவருக்கு ஒரு வழி தோன்றியது. காலையில் சந்தையில் கதையின் ஒரு துண்டைச் செப்பியாவிடம் சொல்வார். அவள் அதை நேற்று வராத கடைக்காரிகளுக்குத் தன் வாயால் திருப்பிச் சொல்வாள். செமாவுன் கூடைமேல் உட்கார்ந்து அவள் சொல்வதை எழுதிக்கொள்வார். பல இடத்தில் அவர் சொன்னதைவிட அது நன்றாக இருந்தது, அது அவருக்கு எரிச்சலாகவும் இருந்தது, ஆனந்தமாகவும் இருந்தது.

சண்டை இல்லாமல் இல்லை. ருக்கையா ரொட்டி தின்றால் பசி எப்படி அடங்கும், சோறு போடுங்கள் என்றாள் செப்பியா. சரி, சோறு. நைலில் போவது நம் ஆற்றுப் படகு மாதிரியே இருக்கட்டும் என்றாள். சரி, அதுவும் ஆயிற்று. கழுதையை எடுத்துவிட்டு எருமை போடலாம் என்றபோது செமாவுன் ஒரேயடியாக மறுத்துவிட்டார். எருமை மேல் ஏறி எவளும் எந்தக் காஜியையும் பிடிக்க முடியாது. கழுதை என்றால் என்ன என்று மெக் நாப் கேட்டாள். கோபக்காரக் குட்டைக் குதிரை என்று விளக்கினார். அப்படியென்றால் இருக்கட்டும் என்று சந்தை அனுமதி கொடுத்தது.

பிறைக்கு இரண்டு நாள் முன்னால் ஹாஜியின் வீட்டுக்குப் போய் எழுதிய தாள்களை நீட்டினார். ஹாஜி கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் பக்கத்தை மேலும் கீழும் தேடினார்.

"பெர்முலா எங்க?"

"எடுத்துட்டேன் ஹாஜி."

பெர்முலா இல்லாவிட்டால் மார்க்கப் புத்தகம் என்று யார் நம்புவார்கள், இது புடுக்காரி பேச்சு மாதிரி இருக்கிறது என்றார் ஹாஜி. புடுக்காரி பேச்சுதான் என்று செமாவுன் சொல்லவில்லை, அந்த மட்டுக்கும் புத்தி இருந்தது. எப்படி இருக்கிறது பார் என்று காட்டுவதற்காக ஹாஜி உரக்கப் படித்தார். படகு கரையை விட்டு நகரும் இடத்தில் நிறுத்திவிட்டு, இது ஆகாது என்று தாளை மடித்தார்.

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "அவ படகைப் பிடிச்சாளா இல்லையா? அதைச் சொல்லிட்டு மடிங்க."

ஹாஜி மடித்ததைப் பிரித்தார். ஒரு பக்கம் படித்தார். இன்னொரு பக்கம் என்றது திரை. மத்தியானச் சாப்பாடு அஸர் வரை வரவில்லை, ஹாஜியும் கேட்கவில்லை. கடைசித் தாள் முடிந்ததும் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு தன் மானத்தைக் காப்பாற்ற ஒரே ஒரு பெர்முலாவாவது முதல் வரியில் போடும்படி பேரம் பேசினார். ஒன்றுதானே, செமாவுன் கொடுத்துவிட்டார். அரிச்சுவடியின் காகிதம் அன்றைக்கே ருக்கையாவுக்கு வந்து சேர்ந்தது. அவாங் லோங்கும் அவரும் மாறி மாறி எழுத்துக் கோர்த்தார்கள்.

இந்தத் தடவை செமாவுன் கூடைக்குப் பின்னால் ஒளியவில்லை. முன்னாலேயே நின்றார். செப்பியா படித்தாள். முதல் வரியின் பெர்முலாவுக்கு ஒரு சிரிப்பு எழுந்தது. இரண்டாம் வரியில் அடங்கியது. பிறகு சந்தையில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது. வாங்க வந்தவர்கள் கூடையைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். வெற்றிலைக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சித்தப்பன் மட்டும் தன் கையில் கிடைக்கட்டும் என்றாள்.  இருபது வருஷப் படிப்பும் இந்த ஒரு காலைக்காகத்தான் என்று செமாவுனுக்குத் தோன்றியது.

அப்போதுதான் இமாம் டெராமான் வந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கூட்டம் வழி விட்டது. புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார், முதல் வரிக்கு அப்புறம் பெர்முலாவைக் காணாமல் உதட்டைப் பிதுக்கினார்.

"கதைன்னாலே பொய். ஒரு பொய்யைக் காட்டி எங்க வீட்டுப் பொண்ணைத் தெருவில இறக்கப் பாக்குறீங்களா, லெபை?"

எல்லாரும் செமாவுனைப் பார்த்தார்கள். செப்பியாவும் பார்த்தாள். செமாவுன் கதையைப் பற்றி வாதாடவில்லை. சட்டக் கிதாபின் அந்த இரண்டு வரியை அரபியில் அப்படியே ஓதினார். இமாமின் உதடும் தன்னையறியாமல் கூடவே அசைந்தது. ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளுக்கு அவர் பாடம் எடுக்கிற வரிதான்.

"அர்த்தம் சொல்லுங்க பாப்போம்" என்றார் இமாம்.

பெர்முலா நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. செமாவுன் அதை விழுங்கினார்.

"புருஷன் எங்க இருக்கான்னு தெரியல. சோத்துக்கும் வழி பண்ணல. அப்படின்னா பொண்டாட்டி காஜிகிட்ட போகலாம். அவளே போகலாம். அண்ணனும் வேண்டாம், தம்பியும் வேண்டாம்."

 இமாம் கெட்டவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். அந்த வரியை நூறு தடவை ஓதியிருக்கிறார், எழுவாயையும் பயனிலையையும் பிரித்துக் காட்டியிருக்கிறார். அது தன் வீட்டு அடுப்படியில் சோறு வடிக்கிற பெண்ணைப் பற்றியது என்று ஒரு தடவைகூட அவருக்குத் தோன்றியதில்லை.  புத்தகத்தைச் செப்பியாவின் பக்கம் நீட்டினார். மறிக்கவும் இல்லை, கூட வருகிறேன் என்று சொல்லவும் இல்லை. வந்த வழியே போனார்.

செப்பியா ஜாடிகளைத் துணியால் மூடினாள். கையைக் கழுவினாள், முக்காட்டைச் சரி செய்தாள். கடையைக் கொஞ்சம் பார்த்துக்கங்க லெபை என்றாள். நடந்தாள். மெக் நாப் மீன் கத்தியை எறிந்துவிட்டுப் பின்னால் போனாள், அவள் பின்னால் வெற்றிலைக்காரி, அவள் பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து பேர். காஜி விசாரணை நடத்தும் கச்சேரிக்கு அப்படி ஒரு ஊர்வலம் அதற்கு முன்னால் போனதில்லை. செமாவுன் புடு ஜாடிகளுக்குக் காவல் இருந்தார். என்ன விலை என்று கேட்ட ஒருவனுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் சும்மாவே ஊற்றிக் கொடுத்துவிட்டார்.

மூன்று மாதம் விசாரணை நடந்தது. சியாம் எல்லைக்கு ஆள் அனுப்பினார்கள், சாட்சி கேட்டார்கள், லிமான் எங்கும் இல்லை. செப்பியாவுக்கு விடுதலை கிடைத்தது. காத்திருப்புக் காலம் முடிந்து அவள் லெபையைத்தான் கட்டிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தால் அதுதான் இல்லை. பாச்சோக்கில் படகு கட்டும் ஒருவனைக் கட்டிக்கொண்டாள், பார்க்க வாட்டசாட்டமான ஆள். செமாவுனுக்கு ஒரு வாரம் முகம் சுண்டியிருந்தது என்று அவாங் லோங் சொல்வார். எட்டாம் நாள் அடுத்த கதைக்கு உட்கார்ந்துவிட்டார். அரபியிலிருந்து எடுத்ததும் சொந்தமாகக் கட்டியதுமாக அதற்குப் பின் பதினொரு புத்தகம் எழுதினார். ஒவ்வொன்றையும் அச்சுக்கு முன்னால் சந்தையில் படித்துக் காட்டினார். பட்டப்பெயர் மட்டும் சாகும் வரை போகவில்லை.

ருக்கையா மூன்றாம் தடவை அச்சான சமயம். காஜி கச்சேரிக் குமாஸ்தா ஒரு பகல் அச்சகத்துக்கு வந்து, நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். ஆற்றின் மேல்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பெண்கள் புத்தகத்தைத் துணியில் முடிந்துகொண்டு வருகிறார்கள், வாசலில் கால் வைக்க இடமில்லை, அடுத்த கதையிலாவது ஒரு ஒழுங்கான புருஷனை எழுதித் தொலையுங்கள் என்று சண்டைக்கு நின்றார். செமாவுன் சிரித்துச் சிரித்து மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்டார்.

"இன்னைக்குக் காலையில வந்தது ஒரு கிழவி" என்றார் குமாஸ்தா. "எழுபதுக்கு மேல இருக்கும். புருஷன் போய் நாப்பது வருஷமாம். எப்பவோ செத்திருப்பான். கேஸே இல்ல, எதுக்கும்மா வந்தேன்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"அவளுக்கு வேற ஒண்ணும் வேண்டாமாம். 'உனக்கு விடுதலை, நீ போகலாம்'னு காஜி ஒரு தடவை வாயால சொல்லணுமாம். கேட்டுட்டுப் போயிடுவாளாம்."

செமாவுனின் சிரிப்பு நின்றிருந்தது. "சொன்னாரா?"

"சொன்னார். எழுந்து நின்னு சொன்னார்."